ஏபிஎன் ஆம்ரோ: ஒரு டச்சு வங்கி கைமாறிய கதை

கேள்வி இதுதான்: 2007-ல் மூன்று வங்கிகள் சேர்ந்து ஏபிஎன் ஆம்ரோவை வாங்கிக் கூறுபோட்டன என்கிறார்கள். ஆனால் நெதர்லாந்தில் அதே பெயரில் இன்றும் ஒரு வங்கி இருக்கிறது. அது பழைய வங்கிதானா? இடையில் அது யார் யார் கையில் இருந்தது?

சட்டப்படி பார்த்தால் அது பழைய வங்கி இல்லை. 2007-க்கு முன்பு ஏபிஎன் ஆம்ரோ பேங்க் என்.வி. (‘என்.வி.’ என்பது டச்சுப் பங்கு நிறுவனத்தைக் குறிக்கும் பின்னொட்டு) என்று பதிவாகியிருந்த நிறுவனம் இன்று நாட்வெஸ்ட் மார்க்கெட்ஸ் என்.வி. என்ற பெயரில், பிரிட்டனின் நாட்வெஸ்ட் குழுமத்துக்குள் இருக்கிறது. இன்று ஆம்ஸ்டர்டாமில் ஏபிஎன் ஆம்ரோ என்ற பலகையோடு நடப்பது 2010-ல் புதிதாகப் பிரித்து எடுக்கப்பட்ட நிறுவனம். பழைய வங்கியின் டச்சு வாடிக்கையாளர்களும், கிளைகளும், பெயரும் இதற்கு வந்தன. வெளிநாட்டு வலையமைப்பில் பெரும்பகுதி பழைய நிறுவனத்தோடு ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து பக்கம் போனது; நாட்வெஸ்ட் குழுமத்தின் அன்றைய பெயர் அதுதான்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1824-ல் முதலாம் வில்லெம் மன்னர் நெதர்லாந்து வணிகச் சங்கத்தை நிறுவினார். தானே பங்கு வாங்கினார். பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 4.5 சதவீத ஈவுத்தொகை கிடைக்கும் என்று உத்தரவாதமும் கொடுத்தார். 1830-க்குப் பிறகு ஜாவா விவசாயிகள் அரசுக்காகக் கட்டாயமாகப் பயிரிட்ட காபியையும் சர்க்கரையையும் ஐரோப்பாவுக்கு ஏற்றி விற்கும் வேலை இந்தச் சங்கத்திடம் இருந்தது. அதன் லாபத்தின் அடியில் அந்த விவசாயிகளின் உழைப்பு இருந்ததைச் சொல்லாமல் இந்த வங்கியின் வரலாற்றை எழுத முடியாது. வணிகம் மெல்ல மெல்ல வங்கித் தொழிலாக மாறியது. 1920-ல் கல்கத்தாவில் கிளை திறந்ததும் இந்தச் சங்கம்தான். 1964-ல் இது ட்வென்ட்சே வங்கியோடு இணைந்து ஏபிஎன் ஆனது. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் வங்கியும் ரோட்டர்டாம் வங்கியும் இணைந்து ஆம்ரோ ஆயின. 1990-91-ல் இந்த இரண்டும் ஒன்றானபோது பிறந்ததுதான் ஏபிஎன் ஆம்ரோ.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் அது வாங்கிக்கொண்டே போனது. அமெரிக்காவின் சிகாகோவில் லாசால் வங்கி 1979 முதலே ஏபிஎன் கையில் இருந்தது. 1998-ல் பிரேசிலின் பாங்கோ ரியால் சேர்ந்தது. 2005-ல் இத்தாலியின் அன்டோன்வெனெட்டா வங்கிக்கு விலை பேசியபோது, இத்தாலிய மத்திய வங்கி ஆளுநர் அன்டோனியோ ஃபாட்சியோ உள்நாட்டுப் போட்டியாளர் பக்கம் சாய்ந்தார். தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகள் வெளியாகி, அந்த டிசம்பரில் அவர் பதவி விலக நேர்ந்தது. 2006 தொடக்கத்தில் அன்டோன்வெனெட்டா ஏபிஎன் ஆம்ரோவிடம் வந்தது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்; பின்னால் இன்னொரு பழம்பெரும் வங்கியைச் சாய்க்கப்போவது இதுதான்.

2006 முடிவில் ஏபிஎன் ஆம்ரோவின் மொத்தச் சொத்து 98,700 கோடி யூரோ. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். ஆனால் பங்கு விலை ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. தனித்தனியே விற்றால் முழுசாக இருப்பதைவிட அதிக விலை போகும் என்ற எண்ணம் சந்தையில் பரவியிருந்தது. 2007 பிப்ரவரி 21 அன்று, லண்டனின் டிசிஐ என்ற முதலீட்டு நிதி, ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலான பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, வங்கியைப் பிரித்தோ முழுதாகவோ விற்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. ஒரு சதவீதப் பங்குதாரரின் கடிதம் இவ்வளவு பெரிய வங்கியை அசைத்ததற்குக் காரணம், மற்ற பங்குதாரர்களும் உள்ளுக்குள் அதையே நினைத்ததுதான்.

தலைமை நிர்வாகி ரைக்மன் க்ரூனிங்க் பார்க்லேஸைத் துணையாகத் தேர்ந்தெடுத்தார். ஏப்ரல் 23 அன்று பார்க்லேஸ் இணைப்பு அறிவிக்கப்பட்டது. அதே நாளில் லாசாலை 2,100 கோடி டாலருக்கு பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு விற்கும் ஒப்பந்தமும் வெளியானது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, அதாவது ஆர்பிஎஸ், ஏபிஎன் ஆம்ரோவில் மிகவும் விரும்பிய துண்டு அந்த லாசால்தான். அதை முன்கூட்டியே விற்றுவிட்டால் போட்டிக்காரர் பின்வாங்குவார் என்பது கணக்கு. பங்குதாரர் சங்கம் வழக்குப் போட்டது. பங்குதாரர்களைக் கேட்காமல் விற்கக் கூடாது என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் மே மாதம் தடை விதித்தது. ஜூலையில் டச்சு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. லாசால் அமெரிக்கர்களிடம் போய்விட்டது.

ஆர்பிஎஸ் விலகியிருக்க வேண்டிய நேரம் இது. அது விலகவில்லை. ஆர்பிஎஸ், பெல்ஜிய-டச்சு நிறுவனமான ஃபோர்ட்டிஸ், ஸ்பெயினின் சான்டான்டர் மூன்றும் பங்குக்கு 38.40 யூரோ என்ற அதே விலையில் நின்றன. ரொக்கத்தின் அளவை மட்டும் 79 சதவீதத்திலிருந்து 93 சதவீதமாக உயர்த்தின. மொத்தம் 7,110 கோடி யூரோ. பார்க்லேஸ் பெரும்பாலும் தன் பங்குகளையே விலையாகக் கொடுக்க முன்வந்திருந்தது. கோடையில் அதன் பங்கு விலை சரியச் சரிய, அதன் விலைக்கூற்றின் மதிப்பும் தானாகக் கரைந்தது. ரொக்கம் கரையாது. அக்டோபர் தொடக்கத்தில் பார்க்லேஸ் விலகிக்கொண்டது. தோற்றதே பின்னாளில் அதைக் காப்பாற்றியது.

பணம் எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள். ஆர்பிஎஸ் 2,720 கோடி யூரோ, 38.3 சதவீதம். ஃபோர்ட்டிஸ் 2,400 கோடி, 33.8 சதவீதம். சான்டான்டர் 1,990 கோடி, 27.9 சதவீதம். மூவரும் சேர்ந்து ஆர்எஃப்எஸ் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே பெட்டியை நிறுவி, அதன் வழியாக முழு வங்கியையும் வாங்கினார்கள். அந்தப் பெட்டியின் பங்குகளுக்கு எழுத்து வகை வைத்தார்கள். ‘ஆர்’ பங்கின் லாபநட்டம் ஆர்பிஎஸ் எடுத்துக்கொள்ளும் தொழில்களுக்கு, ‘எஃப்’ ஃபோர்ட்டிஸுக்கு, ‘எஸ்’ சான்டான்டருக்கு. யாருக்கும் ஒதுக்கப்படாத தலைமையகம், கடன்கள், சில முதலீடுகள் எல்லாம் பொதுக் கணக்கு. ஆக, வங்கி என்னவோ ஒன்றுதான். அதற்குள் ஒவ்வொரு கடனும், ஒவ்வொரு ஊழியரும், ஒவ்வொரு கணினி அமைப்பும் யாருடையது என்று பிரிக்க வேண்டியிருந்தது. டச்சு மத்திய வங்கியின் கவலையும் இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். ஆனாலும் செப்டம்பரில் அனுமதி கிடைத்துவிட்டது.

தவறு நடந்த இடங்கள் மூன்று.

முதலாவது, உள்ளே பார்க்காமல் வாங்கியது. பார்க்லேஸ் இணக்கமாக வந்ததால் அதற்குக் கணக்குகளை விரிவாகத் திறந்துகாட்டினார்கள். எதிர்ப்பை மீறி வந்த கூட்டணிக்கு அந்த வசதி இல்லை. ஆர்பிஎஸ் வீழ்ச்சி பற்றி பிரிட்டிஷ் நிதிக் கண்காணிப்பு ஆணையம் 2011 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஆர்பிஎஸ்ஸுக்குக் கிடைத்த தகவல் இரண்டு கோப்புகளும் ஒரு குறுந்தகடும்தான் என்று பதிவு செய்கிறது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி யூரோ சொத்துள்ள வங்கியைப் பற்றி இரண்டு கோப்பு! எதிர்ப்பை மீறி வாங்கும்போது கணக்கைத் திறந்துகாட்ட மாட்டார்கள் என்பது தெரிந்ததே. அப்படியென்றால் தெரியாததற்கு விலையில் கழிவு கேட்க வேண்டும். இவர்கள் புத்தக மதிப்பைப்போல், அதாவது சொத்திலிருந்து கடன்களைக் கழித்தால் கணக்கில் மிஞ்சும் தொகையைப்போல், ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுத்தார்கள்.

இரண்டாவது, அந்த மூன்று மடங்கு மூலதனத்தை என்ன செய்தது என்பது. ஒரு வங்கியைப் புத்தக மதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த தொகை ‘நன்மதிப்பு’ என்ற தலைப்பில் இருப்புநிலைக் குறிப்பில் ஏறும். நட்டம் வரும்போது இதை விற்றுக் கடனை அடைக்க முடியாது. அதனால் மூலதன விகிதத்தைக் கணக்கிடும்போது கண்காணிப்பாளர்கள் இதைக் கழித்துவிடுவார்கள். கையில் இருந்த ரொக்கமும் போகும். மூலதனமும் அந்த அளவுக்குச் சுருங்கும். ஆர்பிஎஸ் கொடுத்த ரொக்கத்தில் பெரும்பகுதி கடன், அதிலும் குறுகிய தவணைக் கடன். பின்னாளில் வந்த கடுமையான விதிகளை வைத்து அளந்தால், 2007 இறுதியில் அதன் உண்மையான பங்கு மூலதனம் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது.

மூன்றாவது, நேரம். ஆகஸ்ட் 9 அன்று பிஎன்பி பரிபா தன் மூன்று முதலீட்டு நிதிகளில் பணம் எடுப்பதை நிறுத்தியது. செப்டம்பர் நடுவில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டையும் பார்த்த பிறகும் விலையில் ஒரு சென்ட் குறையவில்லை. லாசால் போய்விட்டதால் ஆர்பிஎஸ் பங்குக்கு மிஞ்சியது பெரும்பாலும் முதலீட்டு வங்கித் தொழில். அமெரிக்க வீட்டுக்கடன் சார்ந்த சிக்கலான பத்திரங்கள் தேங்கிக் கிடந்ததும் அதற்குள்தான்.

சான்டான்டர் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. தனக்கு வேண்டியது பாங்கோ ரியால் என்று அதற்குத் தெரியும். அன்டோன்வெனெட்டாவைப் பங்கீட்டில் 660 கோடி யூரோவாக மதிப்பிட்டு எடுத்தது. நவம்பர் 8 அன்று, துணை நிறுவனமான இன்டர்பாங்காவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மிச்சத்தை 900 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. வாங்கியது சியேனா நகரின் மொன்டே தெய் பாஸ்கி. 1472-ல் தொடங்கி, இன்றும் இயங்குகிற வங்கிகளில் உலகிலேயே மிகப் பழையது. அந்த விலைக்காகக் கடனும் புதுப் பங்குகளும் வெளியிட்டது. பிறகு வந்த நட்டங்களைச் சிக்கலான ஒப்பந்தங்களில் மறைத்தது. இத்தாலிய அரசிடம் திரும்பத் திரும்பக் கையேந்தி, 2017-ல் 68 சதவீதம் அரசுடைமையாகிவிட்டது. சான்டான்டரோ பாங்கோ ரியாலைத் தன் பிரேசில் வங்கியோடு இணைத்து, 2009 அக்டோபரில் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. ஒரே பந்தியில் உட்கார்ந்த மூவரில் வயிறு கெடாமல் எழுந்தது அது ஒன்றுதான்.

ஃபோர்ட்டிஸின் கதை இன்னும் வேகமானது. தன் பங்கைச் செலுத்த 1,340 கோடி யூரோவுக்கு உரிமைப் பங்கு, அதாவது இருக்கும் பங்குதாரர்களுக்கே முதலில் தரும் புதுப் பங்கு, வெளியிட்டது. மீதிக்கு சொத்துகளை விற்கலாம் என்பது திட்டம். சீனாவின் பிங் ஆன் காப்பீட்டு நிறுவனம் ஃபோர்ட்டிஸின் முதலீட்டு மேலாண்மைப் பிரிவில் பாதியை 215 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்புக்கொண்டது, பிறகு கைவிட்டது. ஏற்கனவே நெதர்லாந்தில் வங்கி நடத்தும் ஃபோர்ட்டிஸ், ஏபிஎன் ஆம்ரோவின் டச்சுத் தொழிலையும் எடுத்தால் போட்டி குறையும் என்பதால், நிறுவனங்களுக்குக் கடன் தரும் ஒரு பகுதியை விற்க ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை விதித்திருந்தது. அது டாய்ச்சு வங்கிக்கு 70.9 கோடி யூரோவுக்குப் பேசப்பட்டது. அவசரமாக விற்பவன் என்று தெரிந்தால் யார் நல்ல விலை தருவார்கள்? 2008 ஜூன் 26 அன்று ஃபோர்ட்டிஸ் ஈவுத்தொகையை நிறுத்தி, 830 கோடி யூரோ மூலதனம் திரட்டப்போவதாகச் சொன்னது. பங்குதாரர்களின் நம்பிக்கை அன்றே போய்விட்டது.

செப்டம்பர் 28 அன்று பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் சேர்ந்து 1,120 கோடி யூரோ போடுவதாக அறிவித்தன. ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. அக்டோபர் 3 அன்று டச்சு அரசு ஃபோர்ட்டிஸின் டச்சு வங்கி, டச்சுக் காப்பீட்டுத் தொழில், ஏபிஎன் ஆம்ரோவில் இருந்த பங்கு எல்லாவற்றையும் 1,680 கோடி யூரோவுக்கு வாங்கிவிட்டது. பெல்ஜிய வங்கியின் 75 சதவீதம் பிஎன்பி பரிபாவிடம் போனது. காலியான தாய் நிறுவனம் காப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அஜியாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஃபோர்ட்டிஸ் பங்குதாரர்களுக்கு 130 கோடி யூரோ இழப்பீடு தரும் உடன்பாடு 2018-ல்தான் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது.

அதே அக்டோபரில் ஆர்பிஎஸ்ஸும் பிரிட்டிஷ் அரசிடம் வந்து நின்றது. 2008-ல் அதன் நட்டம் 2,410 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் நிறுவன வரலாற்றில் அதுவரை காணாத தொகை. அரசு கட்டங்கட்டமாகப் போட்டது 4,550 கோடி பவுண்டு. நாட்வெஸ்ட் என்று பெயர் மாறிய அந்த வங்கியிலிருந்து அரசு முழுதாக வெளியேறியது 2025 மே மாத இறுதியில். திரும்பக் கிடைத்தது சுமார் 3,500 கோடி பவுண்டு. மீதி வரி கட்டுபவர்களின் தலையில்.

இப்போது பிரிப்பு. 2008 டிசம்பரில் டச்சு அரசு ஃபோர்ட்டிஸின் டச்சு வங்கியிடமிருந்து ஆர்எஃப்எஸ் பெட்டியில் இருந்த 33.8 சதவீதத்தை 654 கோடி யூரோவுக்குத் தன் பெயருக்கு நேரடியாக மாற்றிக்கொண்டது. ‘எஃப்’ பங்குகள் நெதர்லாந்தின் பெயரால் ‘என்’ பங்குகள் ஆயின. அடுத்த ஓராண்டுக்கு மேல், பழைய வங்கிக்குள் யாருடையது எது என்று பிரிக்கும் வேலை நடந்தது. 2010 பிப்ரவரி 6 அன்று டச்சு அரசுக்குரிய தொழில்கள் ஒரு புதிய நிறுவனத்துக்குப் போயின. அதே நேரத்தில் பழைய நிறுவனம் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து என்.வி. என்று பெயர் மாறியது. புதியது ஏபிஎன் ஆம்ரோ பேங்க் என்.வி. என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 1 அன்று புதிய வங்கி ஆர்எஃப்எஸ்ஸிலிருந்து வெளியேறி அரசிடம் வந்தது. ஜூலை 1 அன்று ஃபோர்ட்டிஸின் டச்சு வங்கி இதோடு இணைந்தது. அந்த இணைப்பில் ஒரு பழைய உறவும் திரும்பியது: ஏபிஎன் ஆம்ரோ தொண்ணூறுகளில் ஃபோர்ட்டிஸுக்கு விற்ற மேஸ்பியர்சன் என்ற தனியார் வங்கி, ஃபோர்ட்டிஸ் வழியாகவே மீண்டும் வந்து சேர்ந்தது.

நடைமுறையில் பலரைக் குழப்புவது இந்த இடம்தான். 2010-க்கு முந்தைய ஒப்பந்தம், பத்திரம், உத்தரவாதக் கடிதம் எதிலாவது ஏபிஎன் ஆம்ரோ பேங்க் என்.வி. என்று இருந்தால், பொறுப்பாளி இன்றைய ஏபிஎன் ஆம்ரோதான் என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் ஆவணத்தின் தேதியைப் பாருங்கள். பிறகு அந்தத் தொழில் எந்தக் கூறில் விழுந்தது என்று பாருங்கள். நெதர்லாந்து வாடிக்கையாளர், தனியார் வங்கிச் சேவை என்றால் புதிய ஏபிஎன் ஆம்ரோ. வெளிநாட்டுக் கிளை, முதலீட்டு வங்கித் தொழில் என்றால் பெரும்பாலும் பழைய நிறுவனம். அதன் பெயர் 2018-ல் நாட்வெஸ்ட் மார்க்கெட்ஸ் என்.வி. என்று மறுபடி மாறிவிட்டது. டச்சுச் சட்டப்படி பிரிப்பு நாளில் இருந்த கடமைகளுக்கு, ஒருவர் தவறினால் மற்றவரும் ஓர் எல்லைவரை பொறுப்பு. ஆனால் முதலில் போக வேண்டியது சரியான நிறுவனத்திடம். பெயரை நம்பாமல் டச்சு வர்த்தகப் பதிவேட்டு எண்ணை ஒப்பிடுவதே பாதுகாப்பு. இந்தியாவில் ஏபிஎன் ஆம்ரோ கடன் அட்டை வைத்திருந்தவர்கள் ஆர்பிஎஸ் வாடிக்கையாளரானதும் இந்தப் பிரிவினையால்தான். அந்தச் சில்லறைத் தொழிலை எச்எஸ்பிசிக்கு விற்கும் முயற்சி 2012-ல் முறிந்தது. பிறகு அட்டை, வீட்டுக்கடன், சிறுதொழில் கடன் கணக்குகளை ஆர்பிஎல் வங்கி வாங்கியது.

அரசு உரிமையாளரானதும் நிர்வாகத்தில் அமைச்சர் நேரடியாகத் தலையிடாதிருக்க, 2011-ல் என்எல்எஃப்ஐ என்ற தனி அமைப்பு உருவாகிப் பங்குகளை வைத்துக்கொண்டது. 2015 நவம்பர் 20 அன்று வங்கி மீண்டும் ஆம்ஸ்டர்டாம் சந்தைக்கு வந்தது. விலை 17.75 யூரோ, கூடுதல் ஒதுக்கீட்டையும் சேர்த்து விற்றது 23 சதவீதம். அந்த விலையில் முழு வங்கியின் மதிப்பு சுமார் 1,670 கோடி யூரோ. அரசு வங்கிக்காகப் போட்டது ஏறத்தாழ 2,200 கோடி. அதாவது முதல் நாளிலேயே, ஈவுத்தொகையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், நட்டத்தில்தான் விற்பனை தொடங்கியது. 2017-க்குள் அரசுப் பங்கு 56 சதவீதமாக இறங்கி, விலை போதாததால் அங்கேயே நின்றது. 2023-ல் பாதிக்குக் கீழே போனது. 2025-ல் சுமார் 30 சதவீதம். அந்த செப்டம்பரில், அதையும் 20 சதவீதமாகக் குறைக்கும் விற்பனைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கூடவே வாங்கிய காப்பீட்டு நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற பெயரில் 2016-ல் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அரசு அதிலிருந்து முழுதாக வெளியேறிவிட்டது.

சந்தையில் நீங்கள் வாங்குவது இந்த வங்கியின் நேரடிப் பங்கு இல்லை, பங்குக்கு எதிராக ஓர் அறக்கட்டளை வெளியிடும் சான்று. சாதாரண நாட்களில் வாக்குரிமை சான்று வைத்திருப்பவரிடமே இருக்கும். யாராவது நிர்வாகத்தின் சம்மதமின்றி வங்கியைக் கைப்பற்ற வந்தால், அந்த அறக்கட்டளை வாக்குகளை இரண்டு ஆண்டுகள் வரை தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். 2007-ல் ஒரு சதவீதப் பங்குதாரரின் கடிதத்துக்குப் பின் நடந்ததைப் பார்த்தவர்கள் போட்ட பூட்டு அது. அரசு இன்னும் எவ்வளவு வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நாளிதழ்ச் செய்தியைவிட என்எல்எஃப்ஐ அறிவிப்பையும், மூன்று சதவீதத்துக்கு மேல் வைத்திருப்போர் பற்றி டச்சு நிதிச் சந்தை ஆணையம் பராமரிக்கும் பதிவேட்டையும் பாருங்கள். விற்பனை சிறு சிறு அளவில் நடப்பதால் சதவீதம் மாறிக்கொண்டே இருக்கும்.